காளையும் சக்கரமும்

குன்றாண்டார்கோவிலில் ஒரு கல்தேர் நிற்கிறது. குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட பழைய சிவன் கோயிலின் முன்னே, பிற்காலத்தவர் எழுப்பிய நூற்றுக்கால் மண்டபமே அத்தேர். மண்டபத்தின் அடித்தளத்தில் சக்கரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. குதிரைகள் அதனை இழுத்துக்கொண்டு பாய்வதுபோல் அமைந்துள்ளன. நகராத கல்லுக்கு நகர்வின் தோற்றத்தைத் தந்த சிற்பியின் திறனைக் கண்டு நாம் வியக்கிறோம். ஆனால் இம்மண்ணின் சாலைகளில் 1991, 1992 ஆம் ஆண்டுகளில் உண்மையாகவே உருண்ட சக்கரங்கள் வேறு. அவற்றை மிதித்தவர்கள் வயல்வெளிகளிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் கூலிக்கு உழைத்த பெண்கள். புதுக்கோட்டை மாவட்டமெங்கும் பரவிய அந்தச் சைக்கிள் இயக்கத்தை ஒரு கட்டுரையாக்கி, உலகின் பார்வைக்குக் கொண்டுசென்றவர் இதழியலாளர் பி. சாய்நாத்.

அக்கட்டுரை இடம்பெற்ற 'எவரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' என்னும் ஆங்கில நூல் 1996 இல் பென்குவின் வெளியீடாக வந்தது. நல்லதொரு வறட்சியை எல்லாருமே விரும்புகிறார்கள் என்று கசப்பும் எள்ளலும் கலந்து பொருள்தரும் தலைப்பு அது. 1993 இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழின் நல்கையைப் பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் சிலவற்றில் அலைந்தும் தங்கியும் அவர் எழுதிய செய்திக் கட்டுரைகளின் தொகுப்பு. தமிழ்நாட்டில் அவர் தேர்ந்துகொண்டவை இராமநாதபுரமும் புதுக்கோட்டையும். மற்றவற்றுள் மால்கான்கிரி, கோராபுட், ஜாபுவா, சர்குஜா போன்றவை பழங்குடி மக்கள் பெருந்தொகையாக வாழும் மாவட்டங்கள்.

நூல் முழுவதையும் மதிப்பிடுவது இங்கு நம் நோக்கமன்று. அதிலுள்ள இரு கட்டுரைகளை மட்டும் அருகருகே வைத்துப் படிக்க விரும்புகிறோம். ஒன்று, ஒடிசாவின் பழங்குடிப் பகுதி ஒன்றில் ஒரு காளையினத்துக்கு நேர்ந்ததைச் சொல்வது. மற்றொன்று, புதுக்கோட்டைப் பெண்களின் சைக்கிளைப் பற்றியது. நூலாசிரியர் இவ்விரண்டையும் சேர்த்து வைக்கவில்லை. முன்னது வளர்ச்சித் திட்டங்களின் பித்துக்குளித்தனங்களைக் கூறும் பகுதியில் வருகிறது. பின்னது ஏழைகள் தம் சொந்தப் படைக்கலங்களோடு எழுந்து நிற்பதைக் கூறும் பகுதியில் வருகிறது. ஆயினும் இரண்டையும் ஒருசேரப் படிக்கும்போது ஒரு வினா நம்முள் எழுகிறது. உங்களுக்கு நலவாழ்வு தருவேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு கருவியோ நுட்பமோ எளிய மக்களின் வாசலுக்கு வரும்போது, அது எந்த நிலையில் நலமாகிறது? எந்த நிலையில் கேடாகிறது?

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் பழங்குடியினர் தொகை மிகச் சிறியது. ஆனால் தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பட்டியல் பழங்குடியினராக ஏற்கும் சட்டத்திருத்தம் 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நெடுநாள் கோரிக்கை ஒன்று நிறைவேறியது மகிழ்ச்சிக்குரியது. அதன் பயனாகப் பழங்குடியினர்க்கான திட்டங்கள் அவர்கள் குடியிருப்புகளையும் தேடி வரும். வருகின்றவை காளையைப்போல் வருமா, சக்கரத்தைப்போல் வருமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

கோம்னாவின் காளை

ஒடிசாவின் நுவாபடா மாவட்டத்தில் கோம்னா என்றொரு வட்டாரம். அங்கே 1978 இல் 'சமன்விதா' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நோக்கத்தைக் குறைகூற யாராலும் முடியாது. வறிய குடும்பங்களுக்குக் கறவை மாடு வழங்குவது. உயர்ரக ஜெர்சி இனத்தின் விந்தைக் கொண்டு செயற்கைமுறையில் சினைப்படுத்துவது. பிறக்கும் கலப்பினப் பசுக்களால் பாலும் வருவாயும் பெருகச் செய்வது. மாட்டுத் தீவனத்துக்காகச் சூபாபுல் என்னும் சவுண்டல் மரங்களை வளர்ப்பது. மக்கள் தத்தம் நிலத்தில் அம்மரத்தை நட்டு வளர்க்க, அவர்களுக்கே கூலியும் தரப்பட்டது. தாளில் எழுதிப் பார்த்தால் குறையற்ற திட்டம்.

ஆனால் அப்பகுதியில் கரியார் என்னும் நாட்டு மாட்டினம் ஏற்கெனவே இருந்தது. அந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய இனம். அதன் காளைகள் திரிந்துகொண்டிருந்தால் புதிய கலப்பினத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று திட்டக்காரர்கள் கருதினர். ஆகவே வட்டாரமெங்கும் அக்காளைகளைக் காயடித்தார்கள். இரண்டு கோடி ரூபாய் செலவாயிற்று. விளைவு? சாய்நாத் தரும் கணக்கின்படி, பிறந்த கலப்பினக் கன்றுகள் எட்டு. கூடுதலாக ஒரு லிட்டர் பால்கூடக் கிடைக்கவில்லை. சவுண்டல் மரங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. கரியார் காளையோ அவ்வட்டாரத்தில் அற்றே போகும் நிலைக்கு வந்துவிட்டது.

இக்கதையைச் சாய்நாத் சொல்லும் முறை குறிப்பிடத்தக்கது. அவர் சினந்து பேசுவதில்லை. கணக்கை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். எண்களே சிரிப்பை வரவழைக்கின்றன. சிரித்து முடித்தபின் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. எள்ளல் என்பது மேலே இருப்பவரை நோக்கிச் செல்ல வேண்டுமேயன்றிக் கீழே இருப்பவரைத் தொடலாகாது என்னும் அறத்தை அவர் நடை இறுதிவரை காக்கிறது. மாடு பெற்ற குடும்பத்தை அவர் ஓரிடத்திலும் அறியாதவராகக் காட்டவில்லை. அறியாமை முழுவதும் திட்டம் தீட்டிய மேசையைச் சுற்றியே இருக்கிறது.

ஆயினும் ஒரு தெளிவு வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு, அறிவியல் நுட்பமே பழங்குடியினர்க்கு ஆகாது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது தவறான படிப்பு. சினை ஊசி என்று நம் ஊர்களில் எல்லாரும் அறிந்த அதே நுட்பம் தமிழ்நாட்டில் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அடுப்பெரியத் துணைசெய்திருக்கிறது. கோம்னாவில் கேடு ஊசியால் வந்ததன்று, காயடித்ததால் வந்தது. புதிய வழி ஒன்றைத் திறந்ததோடு நில்லாமல், பழைய வழியை அடைத்துவிட்டார்கள். புதியது தோற்றபோது திரும்பிச் செல்ல மக்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு கொடை, தன்னைப் பெறுகிறவரிடம் முன்பே இருந்ததை அழித்துத்தான் உள்ளே நுழைய முடியும் என்றால், அது கொடையன்று. இதுவே அக்கட்டுரையிலிருந்து நாம் பெறும் முதல் அளவுகோல்.

புதுக்கோட்டையின் சக்கரம்

இனிச் சைக்கிளுக்கு வருவோம். 1991 இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்க வேண்டும் என்ற எண்ணம் அவருடையது. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கவும் அவர் வழிசெய்தார். கண்ணம்மாள் போன்ற அறிவொளி ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தாமே ஓட்டிக் காட்டினர். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவிற்று. 1992 ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரை நிறைத்தனர். போட்டிகளிலும் பொது அரங்குகளிலும் தம் திறனைக் காட்டிய பெண்கள் 70,000 பேருக்கு மேல் என்று சாய்நாத் குறிக்கிறார். கூலித் தொழிலாளர், கல்லுடைப்போர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள், செயற்கை வைரக்கல் தீட்டுவோர் என அவர் தரும் பட்டியல் நீள்கிறது.

இக்கட்டுரையில் நாம் மிகவும் போற்றும் இடம் ஒன்றுண்டு. பெண்களுக்கான சைக்கிள்கள் தட்டுப்பாடானபோது, பலர் ஆண்களுக்கான சைக்கிளையே விரும்பி ஓட்டினர் என்கிறார் ஆசிரியர். காரணம், இருக்கையிலிருந்து கைப்பிடிவரை செல்லும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பெண்ணுக்கு இடையூறாகும் என்று தொழிற்சாலை எதை நீக்கியதோ, அதையே ஒரு தாய் தன் தேவைக்கு ஏற்ற வசதியாக மாற்றிக்கொண்டாள். பின்புறம் தண்ணீர்க் குடங்கள், முன்புறம் பிள்ளை, நடுவில் அவள். ஒரு கருவி மக்களுடையதாக மாறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செய்தவர் நினையாத பயனைப் பயன்படுத்துபவர் கண்டெடுக்கும்போதே அக்கருவி அவர்க்கு உரியதாகிறது.

சைக்கிளுக்கும் நலவாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நலவாழ்வு என்றதும் மருந்தும் மருத்துவரும் நினைவுக்கு வருவது நம் வழக்கம். ஆனால் வறண்ட மண்ணில் வாழும் ஒரு பெண்ணின் உடல்நலம் மருந்துக்கு முன்பே பல இடங்களில் தீர்மானிக்கப்படுகிறது. எத்தனை கல் தொலைவுக்குத் தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவருகிறாள்? பேருந்துக்காக எத்தனை நாழிகை வெயிலில் நிற்கிறாள்? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், கணவனோ அண்ணனோ வரும்வரை காத்திருக்க வேண்டுமா, தானே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசெல்ல முடியுமா? கிராமச் செவிலியர் ஒரு நாளில் எத்தனை வீடுகளுக்குச் சென்று வர இயலும்? இவ்வினாக்கள் அனைத்துக்கும் அந்த இரண்டு சக்கரங்கள் ஓரளவு விடை தந்தன. மருந்துச்சீட்டில் எழுத முடியாத மருந்து அது.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சைக்கிள் இயக்கமும் மேலிருந்தே வந்தது. அதனைக் கொணர்ந்தவர் ஆட்சியர். யுனிசெஃப் நிறுவனம்கூட அறிவொளிப் பெண்களுக்கு 50 மொபெட்டுகளை வழங்கியது. அப்படியாயின், மேலிருந்து வருவது தீது, கீழிருந்து எழுவது நன்று என்னும் எளிய சூத்திரம் இங்கே பொருந்தாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கோம்னாவில் விந்தைச் செலுத்தத் தெரிந்தவர் வெளியூர்க்காரர். திட்டம் முடிந்ததும் அறிவும் அவரோடு போய்விட்டது. புதுக்கோட்டையில் கற்றுக்கொண்ட பெண்ணே அடுத்த வாரம் மற்றொருத்திக்குக் கற்றுத்தந்தாள்; கூலி எதுவும் வாங்கவில்லை. சங்கிலி கழன்றால் மாட்டத் தெரிந்தவர் ஊரிலேயே இருந்தார். ஓட்ட விரும்பாதவள் நடந்து போகலாம். அவளுடைய கால்களை யாரும் முடக்கிவிடவில்லை. பெற்றவர் கற்பிப்பவராக மாறுகிறாரா என்பது இரண்டாவது அளவுகோல்.

கட்டுரை தொடாத இடம்

பாராட்டோடு நின்றுவிட்டால் திறனாய்வு நிறைவு பெறாது. சாய்நாத்தின் சைக்கிள் கட்டுரை மகிழ்ச்சியின் உச்சியில் நின்று எழுதப்பட்டது. துயரக் கதைகள் நிரம்பிய நூலில் அது ஒரு நிழல்மரம். அதனாலேயே சில இடங்களில் அது விரைந்து கடந்து செல்கிறது.

குடுமியான்மலைப் பகுதியின் கல்குவாரிகளில் உழைக்கும் பெண்கள் சைக்கிளேறியதை ஆசிரியர் நெகிழ்ந்து எழுதுகிறார். அக்காலத்தில் மாவட்ட நிருவாகம் குவாரிகள் பலவற்றைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டது. கொத்தடிமை நிலையில் கிடந்தோர் தம் உழைப்பின் பயனைத் தாமே பெறலாயினர். இது சிறிய சாதனையன்று. ஆனால் கட்டுரையின் கண் அப்பெண்ணின் விடுதலையில் நிலைத்துவிடுகிறது. அவளுடைய நுரையீரலை அது பார்க்கவில்லை. கல்லைத் துளையிடும்போதும் சல்லியாக உடைக்கும்போதும் எழும் நுண்ணிய தூசு மூச்சோடு உள்ளே சென்று நுரையீரலில் தங்கிவிடுகிறது. ஆண்டுகள் பல கடந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயாக அது வெளிப்படுகிறது. வந்தபின் அதனைக் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. நீர் தெளித்துத் துளையிடுவதும், மூக்கையும் வாயையும் முறையாக மூடும் காப்பு அணிவதும், தூசு பறக்கும் நேரத்தைக் குறைப்பதுமே தற்காப்பு. சைக்கிள் அப்பெண்ணைக் குவாரிக்கு விரைவாகக் கொண்டுசேர்த்தது. குவாரியின் காற்றை அது மாற்றவில்லை. மாற்றும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் ஒரு நல்ல கருவியின் ஒளியில் கண்கூசி, அருகிலுள்ள அநீதியைக் காணாது விடும் ஆபத்து எப்போதும் உண்டு.

பழங்குடி மக்களுக்கான நலவாழ்வுத் திட்டங்களில் இந்த ஆபத்து மிகப் பெரிது. காட்டையும் நிலத்தையும் இழந்ததால் உணவை இழந்தவர்களிடம் சத்துமாத்திரை கொடுப்பதும், அவர்களின் எடையைக் கணினியில் பதிவதும் எளிது. நிலத்தைத் திருப்பித் தருவது கடினம். எளிதானது நடக்கும்போது கடினமானது மறக்கப்படுகிறது. ஆகவே மூன்றாவது அளவுகோல் ஒன்று தேவையாகிறது. இக்கருவி நோயின் வேரைத் தொடுகிறதா? தொட இயலாதாயின், குறைந்தபட்சம் அந்த வேரைக் கண்ணுக்கு மறைக்காமல் இருக்கிறதா?

சிட்டிலிங்கியும் கூடலூரும்

இம்மூன்று அளவுகோல்களும் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பகுதிகளிலேயே சான்றுகள் உள்ளன.

தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு சிட்டிலிங்கி. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் பகுதி. மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993 இல் அங்கே குடியேறி, ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்போது பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்பே இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அவ்வெண் 20 அளவுக்குக் குறைந்தது. இதனைச் செய்தது ஏதேனும் விலையுயர்ந்த கருவியா? அறுவை அரங்கும் ஆய்வகமும் படிப்படியாக அங்கே வந்தன என்பது உண்மையே. ஆயினும் அவற்றுக்கு உயிரூட்டியவர்கள் அப்பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்கள். அவர்களில் பலர் மேற்படிப்பை எட்டாதவர்கள். பேறுகாலம் பார்க்கவும், பச்சிளங்குழந்தையைப் பேணவும், அறுவை மருத்துவத்தில் துணைநிற்கவும் பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளர் ஆயினர். தத்தம் ஊருக்குத் திரும்பி, மற்றப் பெண்களுக்குக் கற்பித்தனர். சக்கரத்தின் கதை இங்கே மருத்துவமனைக்குள் நடக்கிறது.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. நோயின் வேர் வயலில் இருக்கிறது என்பதை உணர்ந்தனர். கடனும் உரமும் பூச்சிக்கொல்லியும் உழவரை வாட்டின. சிறுதானியம் தட்டிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் தூண்டுதலால் இயற்கை வேளாண்மை செய்யும் உழவர் அமைப்பு ஒன்று உருவாயிற்று. கேழ்வரகும் சாமையும் தினையும் மீண்டும் மதிப்புப் பெற்றன. கோம்னாவோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே புதியது பழைய காளையை அழித்தது. இங்கே புதிய மருத்துவம் பழைய தானியத்தை மீட்டது.

நீலகிரியின் கூடலூரில் இன்னொரு பாடம். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோர் வாழும் பகுதி அது. 1986 இல் அங்கே 'அக்கார்டு' என்னும் அமைப்பு எடுத்துக்கொண்ட முதற்பணி மருத்துவமன்று, நிலவுரிமை. ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக மக்கள் அணிதிரண்டனர். அதைத் தொடர்ந்தே சிற்றூர்களில் நலவாழ்வுப் பணியும், 1990 இல் ஆதிவாசி மருத்துவமனையும் வந்தன. செவிலியராகவும் ஊர்ப் பணியாளராகவும் விளங்குவோர் பெரும்பாலும் ஆதிவாசிகளே. முதலில் நிலம், பிறகு ஊசி என்ற இந்த வரிசையில் ஒரு மெய்யறிவு இருக்கிறது. நோயுற்ற உடலை மட்டும் பார்க்காமல் அவ்வுடல் எந்த மண்ணில் நிற்கிறது என்று முதலில் கேட்ட வரிசை அது.

அட்டையும் கைப்பேசியும்

இப்போது காலம் மாறிவிட்டது. கைப்பேசி வழியாகத் தொலைவிலுள்ள மருத்துவரோடு பேசும் 'இ-சஞ்சீவனி' 2019 இல் வந்தது. 2021 ஆகஸ்டு 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரை அளக்கும் கருவியையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அவற்றைக் கையில் ஏந்திவந்த தன்னார்வலர்கள் உள்ளூர்ப் பெண்கள் என்பதை நாம் சக்கரத்தின் பக்கத்தில் வைத்தே மதிப்பிடுகிறோம்.

பழங்குடியினர்க்கு மிகவும் நெருக்கமானது 2023 சூலை 1 இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட அரிவாள்செல் சோகை ஒழிப்பு இயக்கம். பிறவியிலேயே குருதியணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் இந்நோய் கூடலூர்ப் பணியர் உள்ளிட்ட பல பழங்குடிகளை வாட்டுகிறது. பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047 க்குள் நோயை ஒழிப்பதும் இலக்கு. சோதித்தவர்க்கு அவர் நோயாளரா, நோய்க்கூற்றைச் சுமப்பவரா, இரண்டும் இல்லாதவரா என்று காட்டும் அட்டை வழங்கப்படுகிறது. நோய்க்கூற்றைச் சுமக்கும் இருவர் மணந்தால் பிள்ளைகளுள் சிலர்க்கு நோய் வரலாம் என்பதால், மணத்துக்குமுன் அட்டையைப் பார்ப்பது பயன்தரும் என்பது கருத்து.

அறிவியல் சரியானதே. ஆனால் ஓர் இளம்பெண்ணின் கையில் இருக்கும் அந்த அட்டையை எண்ணிப் பாருங்கள். அவள் நோயாளர் அல்லள்; நோய்க்கூற்றைச் சுமப்பவள் மட்டுமே. அவளுடைய மொழியில், அவள் நம்புகின்ற ஒருவர், சுமப்பது வேறு நோயுறுவது வேறு என்று பொறுமையாக விளக்கினால் அட்டை அறிவாகும். விளக்க ஆளில்லாமல் அட்டை மட்டும் ஊரைச் சுற்றினால் அது வசையாகும். அவளுக்கு மணமே நடவாமல் போகலாம். ஒரே அட்டை ஓரிடத்தில் சக்கரம். ஓரிடத்தில் காளையைக் காயடித்த கத்தி. வேறுபாடு அச்சடித்த தாளில் இல்லை. அதை நீட்டுகிற கையில் இருக்கிறது. அந்தக் கை அந்தச் சமூகத்தின் கையாக இருக்கும்படி பயிற்றுவிப்பதற்குப் பணமும் ஆண்டுகளும் செலவிட அரசும் தொண்டு அமைப்புகளும் முன்வருமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கருவிக்குப் பணம் ஒதுக்குவது எளிது. மனிதரை உருவாக்குவதற்கு ஒதுக்குவதில்தான் கைகள் சுருங்குகின்றன.

கேட்டுவிட்டுக் கொடுத்தல்

யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாய்க் கிடந்த மனிதரை நாம் அறிவோம். ஆண்டவர் இயேசு அவரை உடனே தொட்டுக் குணமாக்கியிருக்கலாம். ஆனால் நலம்பெற விரும்புகிறாரா என்று முதலில் கேட்டார். முப்பத்தெட்டு ஆண்டுத் துயரத்தின் முன்னே இது தேவையற்ற வினாவாகத் தோன்றக்கூடும். ஆனால் அவ்வினாவே அம்மனிதரைக் கிடக்கும் பொருள் என்ற நிலையிலிருந்து பேசும் ஆள் என்ற நிலைக்கு உயர்த்தியது. குணமான பின்னும் அவருடைய படுக்கையை மற்றவர் சுமக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டு நடந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலும், பழங்குடியினரின் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களையே முதன்மையான உரையாடல் துணைவராகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

பொதுநிலையினராகிய நம்முன் உள்ள பணி இதனின்று தெளிவாகிறது. பங்குகளிலும் பள்ளிகளிலும் மருத்துவ முகாம்கள் நடைபெறுகின்றன. இளைஞர் குழுக்கள் நரிக்குறவர் குடியிருப்புகளுக்கும் செல்கின்றன. சர்க்கரையை அளக்கிறோம், மூக்குக் கண்ணாடி தருகிறோம், நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அக்குடியிருப்பின் பெண் ஒருத்திக்கேனும் அக்கருவியைக் கையாளக் கற்றுத்தந்து வந்தோமா? ஊர் ஊராய்ச் சென்று மணி விற்று வாழ்வோர்க்கு, மாதந்தோறும் ஒரே நிலையத்தில் மாத்திரை வாங்கு என்னும் ஏற்பாடு பொருந்துமா என்று அவர்களிடம் கேட்டோமா? குடிநீரும் வீட்டுமனைப் பட்டாவும் இல்லாத இடத்தில் கைகழுவும் முறையை விளக்கும் படக்காட்சி யாருக்கு நலம் தரும்? சாய்நாத்தின் நூல் வெளிவந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், இவ்வினாக்களை நம்மை நோக்கித் திருப்பும் ஆற்றல் அதற்கு இருக்கிறது. அதுவே அந்நூலின் இலக்கியத் தகுதி என்று நாம் கருதுகிறோம். செய்திக் கட்டுரை மறுநாளே பழசாகிவிடும் என்பர். இவ்விரு கட்டுரைகள் பழசாகவில்லை. ஏனெனில் அவை சொல்லும் செயல்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2001 இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் அதனை மற்றவர்க்கும் விரிவாக்கியது. புதுக்கோட்டைப் பெண்கள் மிதித்துக் காட்டிய பாதையில் இன்று பள்ளிப் பிள்ளைகள் இயல்பாகச் செல்கின்றனர். யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஒரு நுட்பம் வெற்றி பெற்றதற்கு அடையாளம் அதுதான்: அது செய்தியாக இராமல் வழக்கமாகிவிடுகிறது. நாளை நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றுக்குக் குருதி அழுத்தக் கருவி செல்லட்டும்; கைப்பேசி மருத்துவமும் செல்லட்டும். செல்லும் முன்பு, அங்குள்ளோர் தம் பிள்ளைகளுக்கு என்ன நோய் வருகிறது, எதனால் வருகிறது என்று தாமே சொல்வதை ஒரு முழு மாலைப்பொழுது அமர்ந்து கேட்க நம்மில் எவரேனும் முன்வர வேண்டும். கருவியை எடுத்துச் செல்வது அதன் பிறகு ஆகட்டும்.